ஓடாத கரண்டு கார் விற்பனைக்கு

"ஓடாத கரண்டு காரு, பழசு, ரெடி பண்றவங்க எடுத்துக்கலாம்"னு போன்ல போட்டோவோட போட்டது நாந்தான். எங்கூட்டுக்காரருக்குத் தெரியாமப் போட்டேன். பின்ன என்னங்க பண்றது? மனுசன் என் கண்ணு முன்னாடியே கரைஞ்சு போறாரு.

அவரு பேரு பூபதி. போர்வெல் போடற வண்டியில ட்ரில்லரா வடக்க எல்லாம் சுத்தினவரு. ரெண்டு வருசத்துக்கு முன்னாடி வண்டி மேல இருந்து உழுந்து, இடுப்புக்குக் கீழ உணர்ச்சி போச்சு. அதுக்கப்புறம் எங்கியோ தேடி இந்தக் காரப் புடிச்சாரு. ரெண்டு பேரு உக்காரலாம், பொம்மை மாதிரி இருக்கும். கியரு இல்லை, கிளச்சு இல்லை. பிரேக்கையும் ஆக்சிலேட்டரையும் கையில இழுக்கற மாதிரி மாத்திட்டா நானே ஓட்டுவேன்னாரு. வெல்டிங் பட்டறையில சொல்லி லிவரும் வெச்சாச்சு. ஆனா மோட்டாரு கருகிப் போயிருந்தது. செஞ்ச கம்பெனியே இப்ப இல்லை, சாமானுக்கு எங்க போறது? ஈரோடு, கோயமுத்தூருன்னு பார்த்தவங்க எல்லாம் கையை விரிச்சுட்டாங்க.

அப்பவும் காலையில எந்திரிச்சா என்னைய அந்தக் காருக்குள்ள தூக்கி உக்கார வெக்கச் சொல்லுவாரு. பொழுதன்னிக்கும் அங்கியேதான். சோத்தைக் கொண்டு போனா ரெண்டு வாயி. "நாளைக்கு ஓடிரும் புள்ள"ம்பாரு. போன வாரம் அந்தப் பேச்சையும் உட்டுட்டாரு. "எனக்கும் இதுக்கும் ஒரே நோவு வசந்தா, ரெண்டையும் ஒண்ணாப் பொதைச்சுரு"ன்னாரு. இந்தச் சனியன் ஊட்டை உட்டுப் போனாத்தான் அவரு பொழைப்பாருன்னு முடிவு பண்ணிட்டேன்.

சேலம் ஃபேர்லேண்ட்ஸ்ல இருந்து கௌசிக்னு ஒரு தம்பி, பழைய வண்டி சேத்து வெக்கறவராம், லாரியோட வந்தாரு. எங்க சந்துக்குள்ள லாரி வராது. வெண்ணந்தூர் ரோட்டுலயே நின்னுருச்சு. பக்கத்துத் தோட்டத்துக் குமாரசாமி அண்ணன் டிராக்டருல கயிறு கட்டி இழுத்துட்டுப் போறதுன்னு ஆச்சு. கயித்துல இழுக்கற வண்டிக்கு ஸ்டேரிங்குல ஒரு ஆளு வேணுமில்லீங்களா? கௌசிக் ஏறப் போனாரு. உள்ளயே உக்காந்திருந்த எங்கூட்டுக்காரரு, "பிரேக் கையில இருக்குது தம்பி, உங்களுக்குப் பழக்கமில்லை. நானே கொண்டாந்து உடறேன்"ன்னாரு. எதுக்குடி வித்தேன்னு என்னைய ஒரு வார்த்தை கேக்கல. திட்டியிருந்தாக் கூடத் தாங்கியிருப்பேன்.

டிராக்டரு கெளம்புச்சு. நான் வீல்சேரைத் தள்ளிக்கிட்டுப் பின்னாடியே ஓடறேன். பாருங்க, சந்து திரும்புறப்ப ஜன்னல்ல கையை நீட்டி சிக்னல் காட்டறாரு. ஆடு ஓட்டிட்டு வந்தவனை ஓரம் போகச் சொல்லறாரு. தறிக் கொட்டாய் வாசல்ல நின்ன அங்காளம்மாக்கா, "பூபதி, வண்டி ஓடிருச்சா?"ன்னு கேக்க, இந்த மனுசன், "ஓடுதுங்க அக்கா"ங்கறாரு. கயிறு அவங்க கண்ணுக்குத் தெரியாமயா இருக்கும்? "நல்லது சாமி"ன்னாங்க. நான் முந்தானையை வாயில வெச்சு அமுக்கிக்கிட்டேன்.

ரோட்டுக்கு வந்ததும் அழகா ஓரங்கட்டி, பிரேக்கு லிவரை இழுத்து நிறுத்தினாரு. கௌசிக் கயித்தை அவுத்து உட்டாரு. டிராக்டரு தோட்டத்துக்குத் திரும்பிருச்சு. நான் வீல்சேரைக் கதவுக்கிட்ட கொண்டு போயி, "எறங்குங்க"ன்னேன். ஸ்டேரிங்கை உடல.

"அண்ணா, லேட்டாகுது"ன்னு கௌசிக் மெல்லச் சொன்னாரு.

எங்கூட்டுக்காரரு என்னையத்தான் பார்த்தாரு. "எறங்கினா மறுபடி அந்தக் கட்டுலுதானே வசந்தா?"

வண்டிய வித்து மனுசனைக் காப்பாத்தப் பார்த்த என் புத்தியச் செருப்பாலயே அடிக்கோணும்.

"தம்பி, தப்பா நெனைக்காதீங்க. வண்டி குடுக்கறதில்லை"ன்னேன்.

"அக்கா, இது ஓடாதுக்கா. வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவீங்க?"

நாளைக்கு என்ன பண்ணுவேன்னு எனக்கே தெரியல. வீல்சேரை மடக்கி அவரு பக்கத்துச் சீட்டுல சொருகினேன். "ஊட்டுப் பக்கமா ஒடிச்சுப் புடிங்க"ன்னு சொல்லிட்டு, பின்னாடி போயி ரெண்டு கையையும் குடுத்துத் தள்ளினேன். அசையல. மறுக்காத் தள்ளினேன். செருப்புதான் வழுக்குச்சு.

"ஏனுங்க, லிவரை உடுங்க"ன்னேன்.

உட்டாரு.