ஊமைப் பந்தயம்

என் தம்பி ராபர்ட்டுக்கு என்னைப் பற்றி ஓர் அபிப்பிராயம் உண்டு. அக்கா நல்லவள், அக்காவுக்கு ஊசி போடத் தெரியும், அக்காவுக்கு வழி தெரியாது. முப்பத்து மூன்று வருஷம் அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருந்துவிட்டு போன வருஷம் ஓய்வு பெற்றேன். ஓய்வு பெற்ற நர்ஸ் என்றால் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் சம்பளமில்லாத நர்ஸ் என்று அர்த்தம். கல்யாணம் ஆகாதவள் வேறு. யார் வீட்டில் யாருக்குக் காலில் புண் என்றாலும் "பிரிஸில்லாவைக் கூப்பிடு" என்பார்கள். நானும் போவேன். போய்ப் போய்த்தான் அறுபது வயது ஆகிவிட்டது.

ராபர்ட் ஆரணி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் டிராவல்ஸ் கடை வைத்திருக்கிறான். வருஷா வருஷம் எங்கள் பங்குக் கோயிலிலிருந்து வேளாங்கண்ணிக்கு வண்டி விடுவான். இந்த முறை ஆசை பெரிதாகி, இத்தாலி யாத்திரை என்று நோட்டீஸ் அடித்துவிட்டான். ஒன்பது நாள், முப்பது பேர், மூன்று வேளையும் நம்ம ஊர்ச் சாப்பாடு, முன்னால் கொடி பிடித்துக்கொண்டு நடக்க ஒரு கைடு. எனக்கு மட்டும் பாதிக் கட்டணம், மீதிப் பாதியைத் தானே போடுவதாகச் சொன்னான். இவன் இத்தனை தாராளமாக எப்போது ஆனான் என்று விசாரித்தால், அவன் மாமியார் பெரியநாயகம் அம்மாவும் வருகிறார். அவருக்கு முட்டி வலி. சக்கர நாற்காலி தள்ள ஆள் வேண்டும்.

"நீ கூட இருந்தா எனக்கு ஒரு தெம்புக்கா," என்றான். குரூப் விசாவுக்கு வேண்டும் என்று என் பாஸ்போர்ட்டையும் வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

நோட்டீஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ரோம் இருந்தது, வெனிஸ் இருந்தது, சாய்ந்த கோபுரம்கூட இருந்தது. பதுவை இல்லை.

பதுவை, அந்தோணியாருடைய ஊர். அந்த ஊர்க்காரர்கள் பாதோவா என்கிறார்கள். அங்கே கோயிலில் அந்தோணியாரின் நாக்கைத் தனியாக ஒரு பேழையில் வைத்திருக்கிறார்கள். அவர் இறந்து முப்பது வருஷம் கழித்துக் கல்லறையைத் திறந்தபோது உடம்பெல்லாம் மண்ணாகியிருந்ததாம், நாக்கு மட்டும் அப்படியே இருந்ததாம். மறைக்கல்வி வகுப்பில் சிஸ்டர் இதைச் சொன்னபோது எனக்குப் பத்து வயது. தொலைந்த சாமானைக் கண்டுபிடித்துத் தரச் சொல்லித்தான் எல்லோரும் அவரிடம் வேண்டுவார்கள். எனக்கு அந்த நாக்குதான் அதிசயமாக இருந்தது. வாயைத் திறந்து நன்றாகப் பிரசங்கம் பேசியதற்காக ஒருவருடைய நாக்கை எழுநூறு வருஷத்துக்கு மேல் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் என் நாக்கை யாரும் ஒரு நாள்கூடக் கண்டுகொண்டதில்லை.

அதனால் நானே ஒரு திட்டம் போட்டேன். வார்டு ரெஜிஸ்டர் மாதிரி நீளமான ஒரு நோட்டு வாங்கி, ஒரு மாதம் உட்கார்ந்து எழுதினேன். வேக ரயில் கிடையாது, ஊர் ஊராக நின்று போகும் சாதா ரயில்தான். அதற்குக் கட்டணம் குறைவு, முன்பதிவும் வேண்டாம். ரோமிலிருந்து அசிசி, அங்கிருந்து பிளாரன்ஸ், பிராத்தோவில் இறங்கி வேறு ரயில் மாறிப் பொலோனியா, அதற்கப்புறம் பதுவை. தங்குவதற்குக் கன்னியாஸ்திரிகள் நடத்தும் விடுதிகள். டவுன் பஸ் டிக்கெட்டைப் பெட்டிக்கடையில் வாங்க வேண்டும். காகித டிக்கெட்டாக இருந்தால் ரயில் ஏறுமுன் பிளாட்பாரத்தில் இருக்கும் மெஷினில் விட்டு முத்திரை குத்திக்கொள்ள வேண்டும், மறந்தால் அபராதம். ரோமில் தெருக்குழாயிலேயே குடிக்கத் தண்ணீர் வரும். பாட்டில் தண்ணீர்க் காசு மிச்சம். பன்னிரண்டு நாளுக்கு என் சேமிப்பே போதும். ராபர்ட்டின் பாதி எனக்குத் தேவைப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவன் வீட்டில் சாப்பிடும்போது நோட்டை எடுத்து வைத்தேன். அவன் மனைவி சாரா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ராபர்ட் பொத்திக்கொள்ளாமல் சிரித்தான்.

"இன்னாக்கா நீ, வெம்பாக்கம் பஸ் எங்க நிக்கும்னு நாலு பேரக் கேக்காம உன்னால போவ முடியுமா? அங்க போயி யார்கிட்ட கேப்ப? அவன் பாஷை உனக்கு வருமா? பேஜாராயிடும்க்கா."

"கேக்காமலே போவேன்."

"வாயத் தொறக்காம?"

"வாயத் தொறக்காம."

அப்படித்தான் பந்தயம் விழுந்தது. ஒரே நாளில் களம்பூர், தேவிகாபுரம், வெம்பாக்கம் மூன்றுக்கும் பஸ்ஸிலேயே போய், ஒவ்வொரு ஊரிலும் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு திரும்ப வேண்டும். யாரிடமும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. கண்டக்டரிடம் ஊர்ப் பெயர் எழுதிய சீட்டை மட்டும் காட்டலாம். ஜெயித்தால் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிடுவான். தோற்றால் நான் நாற்காலி தள்ள வேண்டும். பெரியநாயகம் அம்மா டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் பேச்சைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

வியாழக்கிழமை காலை ஆறரைக்குக் கிளம்பினேன். நோட்டின் முதல் பக்கத்தில் "விதி ஒன்று: யாரிடமும் பேசாதே" என்று சிவப்பு மையில் எழுதியிருந்தேன்.

களம்பூர் டவுன் பஸ்ஸில் கண்டக்டர் "எங்கம்மா?" என்றார். சீட்டைக் காட்டினேன். என் முகத்தையும் சீட்டையும் பார்த்தார். உடனே அவர் குரல் இரண்டு மடங்கு ஆயிற்று. "க-ள-ம்-பூ-ரா? சரி சரி, உக்காரு தாயி, நான் சொல்றேன்!" பெண்களுக்கான இலவச டிக்கெட்டைக் கிழித்து என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை அவரே மடக்கினார். முத்திரை குத்திப் பழக வேண்டுமே என்று அதில் தேதியும் மணியும் எழுதினேன். பக்கத்திலிருந்த பெண் "பாவம், எழுதத் தெரியுது பாரு," என்றாள்.

எனக்கு எரிச்சலாக வந்தது. வழி கண்டுபிடிக்கலாம் என்று வந்தால், வழி தெரியாமல் போவதற்கே விட மாட்டேன் என்கிறார்கள். களம்பூரில் அரிசி மில் வாசலில் லாரிக்கு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த ஆட்கள் எனக்காகக் கையைக் காட்டிப் போளூர் பஸ்ஸை நிறுத்தினார்கள். போளூரில் கண்டக்டர் சொல்லிவிட்ட ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு போய் தேவிகாபுரம் பஸ்ஸில் உட்கார வைத்தார். தேவிகாபுரத்தில் கோபுரத்தைப் போட்டோ எடுத்தபோது ஒரு பூக்காரி என் தலையில் ஒரு முழம் வைத்துவிட்டுக் காசு வேண்டாம் என்று சைகை காட்டினாள். ஆரணிக்குத் திரும்பி, செய்யாறு போய், பஸ் மாறி வெம்பாக்கம் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டரை. மூன்று போட்டோவும் கையில் இருந்தன. வீடு திரும்புவது ஒன்றுதான் பாக்கி.

மனசுக்குள் நான் பதுவைக்கே போய்விட்டேன். அந்த நிமிஷம் எனக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவே இல்லை.

வெம்பாக்கத்திலிருந்து செய்யாறுக்கு வரும் டவுன் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு பெண் நூல் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயது இருக்கும். நாலு ஸ்டாப் தள்ளி வெள்ளைச் சட்டை போட்ட ஓர் ஆள் ஏறினான். உட்கார இடம் இல்லை. அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.

"எழுந்திரும்மா. ஓசி டிக்கெட்டுல வர்றது, இதுல சீட்டு வேறயா? காசு குடுத்தவன் நின்னுகினு வரணுமா?"

பக்கத்தில் இருந்தவர்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். கண்டக்டர் பின்பக்கம் கூட்டத்தில் மாட்டியிருந்தார். அந்தப் பெண் மூட்டையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தாள். சண்டை போடுகிற முகம் இல்லை அது. எங்கே நிற்பது என்று தேடுகிற முகம். அந்த முகத்தை நான் வேறு எங்கும் போய்ப் பார்க்க வேண்டியதில்லை, எங்கள் வீட்டுக் கண்ணாடியிலேயே இருக்கிறது. பாதி நான் போடறேன்க்கா என்று ராபர்ட் சொன்னபோதுகூட அதே முகத்தோடுதான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"நீ உக்காரும்மா," என்றேன்.

என் குரல் எனக்கே கேட்டது. வார்டில் விசிட்டர்களை வெளியே அனுப்புகிற குரல் அது. அந்த ஆள் திரும்பினான்.

"யாருய்யா ஓசி? இந்தா, எங்கிட்டயும் அதே டிக்கெட்டுதான் இருக்குது. அவங்க ஏறும்போது சீட்டு காலியா இருந்துச்சு, உக்காந்தாங்க. நீ பின்னால ஏறின, நில்லு. இதுல யாரு யாருக்கு தர்மம் பண்றது? உம் பாக்கெட்டுல இருந்தா எடுத்துக் குடுத்த?"

பஸ்ஸில் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். நான் கேட்ட நியாயத்துக்காகத்தான் பார்க்கிறார்கள் என்று நினைத்தேன். அதுவல்ல காரணம். வரும்போதும் இதே கண்டக்டர்தான், இதே பஸ்தான், ஏறியிருந்தவர்களிலும் சிலர் அதே ஆட்கள். ஊமை அம்மா ஊமை அம்மா என்று அவர்கள்தான் எனக்கு இடம் பிடித்துக் கொடுத்திருந்தார்கள்.

"தாயே, அம்மாவுக்குப் பேச்சு வந்துடுச்சுடி!" என்று பின்னாலிருந்து ஒருத்தி கத்தினாள். டிரைவர் பிரேக் போட்டுத் திரும்பிப் பார்த்தார். கண்டக்டர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடி வந்தார்.

"யம்மா, உனக்கு வாய் வருமா?"

"வரும். அறுபது வருஷமா வரும்," என்றேன். அப்புறம் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டேன். கண்டக்டர் கோபத்தில் ஒரு மாதிரி பார்த்தார். பிறகு அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. போகிற போக்கில் வெள்ளைச் சட்டையிடம், "ஏறிட்டல்ல, நின்னுகினு வா," என்றார்.

நூல் மூட்டைக்காரியின் பெயர் செல்லியம்மாள். செய்யாறு வரைக்கும் பேசிக்கொண்டே வந்தோம். ஏன் பேசாமல் வந்தேன் என்று கேட்டாள். இத்தாலி, ராபர்ட், பந்தயம் எல்லாம் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டுக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

"இன்னாங்க இது, பேசாம இருக்கறதுக்கா அவ்ளோ செலவு பண்ணிகினு அவ்ளோ தூரம் போறீங்க? அத இங்கயே இருக்கலாமே."

நோட்டை எடுத்து முதல் பக்கத்தில் இருந்த விதியை அடித்தேன். அவள் என்ன எழுதியிருந்தது என்று கேட்டாள். ஒன்றுமில்லை, தப்பாக எழுதிவிட்டேன் என்றேன்.

சாயங்காலம் ஆறரைக்கு ராபர்ட் வீட்டுக்குப் போனேன். போட்டோக்களைக் காட்டினேன். அவன் முகம் சுருங்கியது. உடனே நடந்ததையும் சொன்னேன். சொல்லாமல் விட்டிருந்தால் அவனுக்குத் தெரியப் போவதில்லை. ஆனால் அந்தப் பேச்சை மறைத்துவிட்டு ஜெயிக்க எனக்கு மனம் வரவில்லை.

ராபர்ட் கைதட்டிச் சிரித்தான். "நான் சொல்லல? உன்னால முடியாதுக்கா. பந்தயம்னா பந்தயம். குரூப்புல உம் பேர எழுதிட்டேன்."

"தோத்துட்டேன், ஒத்துக்கறேன்," என்றேன். "அதுக்கு உனக்கு ஒரு பிரியாணி வாங்கித் தரேன். பாஸ்போர்ட்டக் குடு."

"இன்னாது?"

"எங் காசுல நான் போறதுக்கு உங்கிட்ட எதுக்குடா பந்தயம் கட்டினேன்? அதான் நான் பண்ண தப்பு. பஸ்ஸுல பேசினது தப்பில்ல. நாற்காலி தள்ள வேற ஆளப் பாரு."

"எங்கம்மாவ யாரு பாத்துக்கறது?" என்று சாரா உள்ளேயிருந்து வந்தாள்.

டி.வி.யின் சத்தம் நின்றது. பெரியநாயகம் அம்மா ரிமோட்டைக் கீழே வைத்தார்.

"நான் இன்னா மூட்டையா, ஆள் வெச்சித் தூக்கிகினு போறதுக்கு? ரோம் போகணும்னு நான் எப்ப கேட்டேன்? இவன் நோட்டீஸ் அடிச்சிட்டு எம் பேரையும் போட்டுகினான்." என்னைப் பார்த்து டி.வி. இருந்த மேஜையைக் காட்டினார். "கீழ் டிராயர்ல இருக்குது. நீலக் கவர். ஜல்தி எடுத்துக்கோ, அவன் பூட்டிடப் போறான்."

ராபர்ட் எழுந்திருப்பதற்குள் நான் டிராயரைத் திறந்துவிட்டேன். முப்பது பாஸ்போர்ட்டில் என்னுடையது அடியில் கிடந்தது. எடுத்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டேன். இனி அதை யாரும் வாங்க முடியாது. பெரியநாயகம் அம்மாவுக்குப் பதுவையிலிருந்து என்ன வேண்டும் என்று கேட்டேன். முட்டிக்கு ஏதாவது தைலம் கிடைத்தால் வாங்கி வா என்றார்.

வாசல் வரை ராபர்ட் பின்னாலேயே வந்தான். கோபமா பயமா என்று தெரியாத ஒரு குரலில் கத்தினான்.

"ராத்திரில எங்கியாவது வழி தெரியாம நின்னுகினு எனக்கு போன் பண்ணாத, சொல்லிட்டேன்!"

தெரு முழுக்க விசைத்தறி ஓடிக்கொண்டிருந்தது. அதையும் மீறிக் கேட்கும்படி, வார்டுக் குரலிலேயே பதில் சொன்னேன்.

"உனக்கு எதுக்குடா பண்றேன்? அங்க நிக்கறவங்களக் கேப்பேன். எனக்கு நாக்கு இருக்குது!"