நூறாவது வீடியோவில் யாரும் இல்லை

நான் பொய் சொல்லுகிறவன் என்று ஒரு பேச்சு உண்டு. அதுவே பொய். முப்பத்தாறு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன் கண்ணால் கண்டதைச் சொன்னாலும் அப்படித்தான் கேட்கும். தன்னை உதைத்தவர் குடியிருந்த ஏழாவது மாடியில் மட்டும் நான்கு மாதம் நிற்காமல் போன லிஃப்ட் ஒன்றை எனக்குத் தெரியும். மோட்டார், கயிறு, எல்லாம் மாற்றிப் பார்த்தேன். கடைசியில் அந்த மனிதர் கதவருகே நின்று மன்னிப்புக் கேட்டார். நின்றது. இதில் பொய் சொல்ல என்ன இருக்கிறது?

இப்போது சொல்லப்போவதற்கு மட்டும் என்னிடம் சாட்சி கிடையாது. சாட்சி மிஞ்சக் கூடாது என்பதுதான் அதன் விதியே.

என் தங்கையின் கணவர் பல்செட் செய்கிறவர். பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்துக்கொண்டு, ஜன்னல் இல்லாத ஓர் அறையில், மூக்குக் கண்ணாடியில் மாவு படிய, நாள் முழுக்க அடுத்தவர் வாய்க்கு உழைப்பார். சுற்றிலும் அலமாரிகளில் பிளாஸ்டர் மாவில் வார்த்த தாடைகள் வாய் பிளந்தபடி இருக்கும். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"மச்சான், தினம் ஒரு வீடியோ எடுத்து நெட்ல போடுவோம். மொத்தம் நூறு. முடிஞ்ச மறுநாள் அத்தனையும் அழிச்சிடுவோம்."

"அழிக்கறதுக்கு எதுக்கு மாப்ள எடுக்கணும்?"

"என் போன்ல பதினாலாயிரம் போட்டோ கெடக்கு. ஒன்னையாவது திரும்பிப் பாத்திருக்கனா? இருக்கும்னு தெரிஞ்சா எவன் பாப்பான்? போயிடும்னு சொல்லுங்க, கண்ண சிமிட்டாம பாப்பான்."

யாரும் நகல் வைத்துக்கொள்ளக் கூடாது, நாங்களும்கூட. வேறு விதி இல்லை. அவர் நடிப்பு, நான் கேமரா. தினமும் மாலை நாலு மணிக்கு வெளியீடு. ஏழு பல்செட்டை ஒன்றன்பின் ஒன்றாக மாட்டி ஒரே ஆப்பிளைக் கடித்தார். தாடைகளை வரிசையாக வைத்து அவற்றைச் செய்தி வாசிக்க விட்டார். லிஃப்ட் வரவில்லை என்று பொத்தானை இருபது தடவை குத்துகிறவர்களைப் பற்றி நான் ஒரு முறை பேசினேன். ரொம்பப் பேர் பார்த்தது அதைத்தான், அவருக்கு அதில் கொஞ்சம் எரிச்சல்.

ஐம்பத்தெட்டாவது வந்தபோது அவர் நெஞ்சில் ஆபரேஷன் என்று முடிவாயிற்று. மனிதர் அசரவில்லை. "மிச்சத்தையும் இப்பவே எடுத்துடுவோம் மச்சான்" என்று ஒன்பதே நாளில் எல்லாவற்றையும் எடுக்க வைத்தார். ஐந்து சட்டையை மாற்றி மாற்றிப் போட்டு நாற்பத்தொரு நாள் வாழ்ந்தார். நாளுக்கு ஒன்றாகத் தானாக வெளியாகும்படி நான் போனில் ஏற்பாடு செய்தேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில், சக்கர நாற்காலியில் இருந்தபடி என் கையைப் பிடித்தார்.

"உங்க தங்கச்சி கேப்பா. ஒன்னே ஒன்ன வச்சுக்கறேன்னு கேப்பா. குடுத்துடாதீங்க."

"ஒன்னுதானே, இருந்துட்டுப் போவட்டுமே."

"இல்ல மச்சான். அந்த ஒன்னையே பாத்துக்கிட்டு உக்காந்துடுவா. எந்திரிக்கவே மாட்டா."

சத்தியம் செய்து கொடுத்தேன். மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்தார். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போது மணி நாலடித்தது. பத்துப் பன்னிரண்டு சட்டைப்பைகளிலிருந்தும் கைப்பைகளிலிருந்தும் ஒரே நேரத்தில் அவர் குரல் கேட்டது: "பல்லு உள்ளவங்க சிரிங்க, இல்லாதவங்க என்கிட்ட வாங்க!" பாதிப் பேர் எழுந்து நின்றுவிட்டார்கள்.

அதற்குப் பிறகு என் தங்கை நாலு மணிக்காக மட்டும் உயிரோடு இருந்தாள். துணிக்கடையில் ஆல்டரேஷன் வேலை அவளுக்கு. அதற்கும் போகவில்லை. வந்த துணிகள் தையல் மிஷின்மேல் அப்படியே குவிந்தன. நாலு மணியானால் அவர் போனைத் தம்ளரில் சாய்த்து வைத்து, எதிரே உட்கார்ந்து, அவரோடு பேசுவாள்.

பேசினால் பேசட்டும் என்றுதான் இருந்தேன். ஆனால் அவர் அவளுக்காக நிறுத்திப் பேச ஆரம்பித்தார். எடுத்தவன் நான், எடுக்கும்போது அந்த இடங்களில் அவர் மூச்சு வாங்கக்கூட நிறுத்தவில்லை. எண்பத்துமூன்றாவதில் இவள், "வெளியில மழை கொட்டுது, தெரியுதா?" என்றாள். அவர் இடது பக்கம் திரும்பிப் பார்த்தார். முகத்தில் மழை நேரத்து வெளிச்சம் விழுந்தது. அந்த அறைக்கு ஜன்னலே இல்லை என்று முன்பே சொன்னேன்.

"பாத்தீங்களா அண்ணே?"

"வெயிட் பண்ணும்மா, கண்ணாடி போட்டுக்கறேன்" என்றேன். கண்ணாடி என் மூக்கின்மேல்தான் இருந்தது.

கடைசி வீடியோ வந்தது. மறுநாள் அழிக்கப் போனபோது தங்கை போனை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"நூறு இன்னும் வரலயே. தொண்ணூத்தொம்போதுதானே வந்திருக்கு?"

தப்பு என்னுடையது. லிஃப்ட்காரனுக்குக் கீழ்த்தளம் பூஜ்யம், அதற்கு மேல்தான் ஒன்று. முதல் வீடியோவுக்கு நான் பூஜ்யம் என்று எண் போட்டிருந்தேன். கணக்குக்கு நூறு முடிந்துவிட்டது. எண்ணில்தான் முடியவில்லை.

"பூஜ்யத்தயும் சேத்து எண்ணிப் பாரும்மா."

"உங்க லிஃப்ட் கதையெல்லாம் எனக்கு வேணாம். அவர் நூறுன்னு சொன்னாரு. நூறு வர்ற வரைக்கும் யாரும் இதத் தொடக் கூடாது."

நூறு என்றைக்கும் வராது. அது அவளுக்கும் தெரியும், அதனால்தான் அதைப் பிடித்துக்கொண்டாள். ஒரு வாரம் போயிற்று. அவள் பழையவற்றை மறுபடி முதலிலிருந்து பார்க்கத் தொடங்கினாள். சாப்பாட்டுத் தட்டில் ஈ உட்கார்ந்தாலும் ஓட்டுவதில்லை.

அதனால் நானே நூறாவதை எடுத்தேன். ஒப்புக்கொள்கிறேன். காலை பத்து மணிக்கு அவர் அறையைத் திறந்து, பல் மெருகேற்றும் மோட்டாரின் பிளக்கைப் பிடுங்கிப் போட்டு, காலி நாற்காலியைப் பதினோரு நிமிஷம் எடுத்தேன். சத்தமில்லை, ஆளில்லை. இவ்வளவுதான் மிச்சம் என்று பார்த்தால் விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். எண் நூறு என்று எழுதி நாலு மணிக்கு வெளியிட்டேன். என் போனில் இருந்ததை உடனே அழித்தேன். அந்த விதியில் மட்டும் நான் யோக்கியன்.

நான் அவளுக்கு எதிரே உட்கார்ந்தேன். திரை அவள் பக்கம் இருந்தது. முதல் நிமிஷம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு மோட்டார் சுற்றுகிற சத்தம் கேட்டது.

அதன் பிளக்கைப் பிடுங்கிப் போட்டவனே நான். எழுந்து அந்தப் பக்கம் போயிருக்கலாம். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

"ம்..." என்றாள் தங்கை. "சரி... அதெல்லாம் நான் பாத்துக்கறேன்... மொதல்ல கண்ணாடியத் தொடைங்க, ஒரே மாவு." கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, அவர் போனதிலிருந்து முதல் தடவையாக, வாய்விட்டுச் சிரித்தாள். "போதும், வாய அடக்குங்க. அண்ணன் எதிர்லதான் உக்காந்திருக்காரு."

மோட்டார் நின்றது. அவள் விரல் திரையில் மூன்று முறை பட்டது.

"என்னம்மா பண்ணின?"

"அழிச்சிட்டேன். எல்லாத்தையும்."

"ஐயோ, ஒரு நிமிஷம் இருந்திருக்கக் கூடாதா? நானும் ஒரு தடவ பாத்திருப்பேனே! அதுல என்ன இருந்துச்சு?"

அவள் தம்ளரைக் கழுவ எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"நீங்கதானே அண்ணே எடுத்தீங்க? உங்களுக்குத் தெரியாதா?"

மறுநாள் நாலு மணிக்கு உள்ளே தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. கூடத்தில் நான் போனைச் சாய்த்து வைத்து, 'இந்தப் பக்கம் இப்போது இல்லை' என்று எழுதியிருந்த திரைக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன்.