மெல்லிய இத்தாலிப் புத்தகம்

கல்முனைப் புத்தகக் கடையில் மின்விசிறி சுற்றிய சுற்றில் சுல்பிகாவுக்குக் கண் சொருகியது. சாய்ந்தமருதிலிருந்து வந்தவள் ஒரு மணித்தியாலமாக இரண்டு புத்தகங்களை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறாள். இரண்டும் இத்தாலிச் சமையல், இரண்டும் இங்கிலீசு. ஒன்று தலையணைபோல் தடிப்பு, பக்கத்துக்குப் பக்கம் படம். மற்றது மெல்லிசு, அன்றாடம் வீட்டில் ஆக்கித் தின்னும் சாதாரணச் சமையல்.

"பரிசு குடுக்கிறதெண்டா பெரிசா எடுங்களேன் தங்கச்சி," என்றார் கடைக்கார ஷரிபுதீன்.

"படம் பாக்கவா வாங்குறன் காக்கா? அவர் சமைக்கணும்."

அவர் என்றால் புருசன் றஊப். பொத்துவிலுக்குப் பக்கத்தில், அறுகம்பேயில், பியேரா என்ற இத்தாலிக்காரியின் விடுதியில் சமையல்காரனாக இருந்தவன். சுனாமி வந்த காலை அவன் தென்னையில் தொற்றித் தப்பினான். விடுதி போனது. பியேரா சொல்லச் சொல்ல அவன் எழுதிவைத்த சமையல் கொப்பியும் போனது. அதற்குப் பிறகு நாலரை வருஷம் ஒரு கரண்டியைத் தொட்டானா மனுசன்? இல்லவே இல்லை. இரும்புக் கடையில் ஆணி நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருப்பான்.

இப்போது யுத்தம் முடிந்து பாதையும் திறந்தாயிற்று. விடுதியைத் திரும்பக் கட்டிவிட்டேன், வருவாயா, மாதம் முடியமுன் பதில் போடு என்று பியேரா எழுதியிருக்கிறாள். கடிதத்தை அலுமாரிக்கு மேல் போட்டுவிட்டு, "எல்லாம் மறந்திட்டு," என்றான் றஊப். மாதம் முடிய மூன்றே நாள். போன கொப்பிக்குப் பதிலாக ஒரு புத்தகம் கிடைத்தால் போன மனுசனும் திரும்புவான் என்பது சுல்பிகாவின் எண்ணம்.

பெரிய புத்தகத்தைப் பிரித்தாள். ஒரு பக்கம் விட்டு ஒரு பக்கம் பன்றியும் வைனும். "அஸ்தக்ஃபிருல்லாஹ்!" என்று மூடினாள். மெல்லிய புத்தகத்தை எழுத்துக்கூட்டி வாசித்தாள். தக்காளி, உள்ளிப்பூண்டு, கத்தரிக்காய், சூரை மீன். எல்லாம் நம்மட சந்தைச் சாமான். வாசிக்க வாசிக்க கடைக்குள் உள்ளி வாசம் வந்தது. வெயில் விழுந்த ஒரு குசினி, அடுப்படியில் சட்டைக் கையைச் சுருட்டிவிட்ட றஊப், அவன் சிரிப்பு, வெளியே ஒரு நாளும் கரையைத் தாண்டியிராத கடல். அந்தக் கடலோரம் அவள் கொஞ்ச நேரம் நடந்து திரிந்தாள்.

ஷரிபுதீன் இருமினார். "இதுதான் காக்கா," என்றாள்.

அசர் தொழுகைக்குப் பிறகு றஊப் வீட்டுக்கு வந்ததும் புத்தகத்தைக் கையில் கொடுத்தாள். யாரோ வீட்டுக் கலியாணப் படங்களைப் புரட்டுவதுபோல் புரட்டினான். திடீரென்று ஒரு பக்கத்தில் நின்றான்.

"ஆர் இந்த விசரன்? உள்ளியச் செவக்கச் செவக்கப் பொரிக்கட்டாம்! கசக்காதா? வெள்ளையா இரிக்கக்குள்ளயே தக்காளியப் போடணும்!"

கோபத்தோடு எழும்பிக் குசினிப் பக்கம் போனான். வாசலில் நின்றான். பிறகு திரும்பி வந்து ஜன்னலடிக் கதிரையில் இருந்துவிட்டான்.

"என்ன, மறந்திட்டா?" சுல்பிகாவுக்கு அழுகை வந்தது.

"மறக்கல்ல புள்ள. ஒரு நாளும் மறக்கல்ல." குரலைத் தாழ்த்தினான். "மாமி நிக்கிற குசினிக்குள்ள மருமகன் எப்படிப் போற?"

சுல்பிகா குசினிக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். கலியாணம் முடித்தவன் பெண் வீட்டில் வந்து இருப்பதுதான் இந்த ஊர் வழக்கம். முன்பு விடுதியிலிருந்து வெள்ளிக்கு வெள்ளி விருந்தாளிபோல வந்து போனவன், சுனாமிக்குப் பிறகுதான் முழுதாக இங்கே இருக்கிறான். அவள் உம்மா பாத்தும்மா மருமகன் முன்னால் முகம் காட்டமாட்டாள். அவன் வயிறு வாடக்கூடாதென்று விடிகாலைச் சுபஹிலிருந்து இரவு இஷாவரை குசினியை விட்டு அசையமாட்டாள். மரியாதை பார்த்தே ஒருத்தி அடுப்படியிலும் ஒருத்தன் ஜன்னலடியிலும் நாலரை வருஷம். அல்லாவே! கடல்மேல் போட்ட பழியில் பாதி இந்த வீட்டுக்குரியதா?

குசினிக்குள் பானை வைக்கும் சத்தம் கேட்டது. பாத்தும்மாவின் காது லேசான காதா? கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"மகள், நான் பக்கத்து றம்லாட ஊட்டுக்குப் போறன். மஃரிபுக்குப் பொறகுதான் வருவன். மருமகனுக்குச் சொல்லு, உப்புப் போத்தல் ரெண்டாந் தட்டுல இரிக்கு."

பின்கதவு சாத்தியது. றஊப் எழும்பினான், சட்டைக் கையைச் சுருட்டினான்.

எண்ணெய் காய்ந்தது. உள்ளி வெள்ளையாகவே வாசம் விட்டது. அந்த வாசத்தில் சுல்பிகா கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். இந்த முறை கனவில்லை. "பேனை கொண்டு வா," என்று கத்தினான். புத்தகத்தில் அந்த வரியை வெட்டி, மேலே தமிழில் திருத்தி எழுதினான். "அந்தக் கடிதத்தையும் இஞ்ச தா," என்றான். அடுப்புக்குப் பக்கத்தில் நின்றபடியே வருகிறேன் என்று பதில் எழுதினான்.

பொழுது பட்டு, மஃரிபுக்குப் பிறகு பாத்தும்மா வந்தபோது, அவளுக்கென்று ஒரு கோப்பையில் சோறும் தக்காளியும் மூடி வைத்திருந்தது. சுல்பிகா சொன்ன பொத்துவில் செய்தியைக் கேட்டபடி, கதவுக்குப் பின்னால் இருந்து ஒரு பருக்கை மிச்சமில்லாமல் தின்றாள்.

"மகள்," என்றாள், "மருமகன்ட்டக் கேளு. பொத்துவிலுக்குப் போக முந்தி, நாளைக்கும் ஒருக்கா நான் றம்லாட ஊட்டுக்குப் போகட்டாமா?"