பேரிங்கா, புஷ்ஷா

லாரி எஞ்சினின் ஃப்ளைவீல் சக்கரத்து நடுக்குழிக்குள் கிரீஸை விரலால் திணித்து, மேலே இரும்புத் தடியை வைத்துச் சுத்தியலால் ஒரு போடு போட, போக வழியில்லாத கிரீஸ் புஷ் என்கிற பழைய பித்தளை வளையத்தைப் பின்னாலிருந்து நெட்டித் தள்ள, அது கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வருகிறது, அர்த்தநாரிக்கு மூச்சு வாங்குகிறது, அறுபது வயதில் லாரிக்கடியில் மல்லாந்து கிடக்கிற பிழைப்பெல்லாம் ஒரு பிழைப்பா என்று சலித்துக்கொள்கிறார், வேறு பிழைப்பும் தெரியாது, வெளியே டயர்மேல் உட்கார்ந்திருக்கிற நாச்சிமுத்து கேட்கிறான், அண்ணா, பேரிங்கும் வாங்கியாந்துட்டேன், பித்தளை புஷ்ஷும் வாங்கியாந்துட்டேன், ரெண்டுமே இதுக்குச் சேருமாமுங்க, எதைப் போடறதுங்க. கியர்பாக்ஸ் தண்டின் மூக்கு வந்து உட்காருகிற இடம் அது, உள்ளங்கையில் அடங்குகிற சாமான், பேரிங் நைசாக ஓடும், ஆனால் இறுகினால் சொல்லாமல் கொள்ளாமல் இறுகும், புஷ் தேயும், தேய்கிறேன் தேய்கிறேன் என்று கத்திக்கொண்டே தேயும், பதினோரு வருஷமாக யார் வந்து கேட்டாலும் புஷ்தான் போடுகிறார், சங்ககிரியில் அவருக்குப் புஷ் அர்த்தநாரி என்றே பேர், கிழவன் பேரிங்கைக் கண்டால் பேயைக் கண்டவன் மாதிரி ஓடுகிறான் என்று கேலி வேறு.

ஓடாமல் என்ன செய்வார், பதினோரு வருஷத்துக்கு முன்னால் இதே கொட்டகையில் நாச்சிமுத்து ஓட்டிய முதலாளி லாரிக்குப் புதுப் பேரிங் போட்டவர் அவர்தான், ஜாக்கி இன்னொரு வண்டிக்கடியில் மாட்டிக்கொண்டிருக்கிறது, அவசரம், கியர்பாக்ஸைத் தூக்கித் தண்டின் மூக்கைப் பேரிங்குக்குள் செருகி, அத்தனை கனத்தையும் அந்த மூக்கிலேயே தொங்க விட்டுவிட்டு எதிர்க் கடைக்கு போல்ட் வாங்கப் போகிறார், ஐந்து நிமிஷம்தான், அப்படித் தொங்கவிட்டால் உள்ளே ஊசி ஊசியாக இருக்கிற உருளைகள் நசுங்கும் என்று எத்தனை பேரைத் திட்டியிருப்பார். நாலாம் நாள் திம்பம் மலை இறக்கத்தில், வண்டி நிறைய உருளைக்கிழங்கு, பக்கத்து சீட்டில் நாச்சிமுத்துவின் மாமனார், வளைவுக்கு முன்னால் அவன் கிளட்சை மிதித்து மூன்றாம் கியரை எடுக்கிறான், எடுத்தது எடுத்ததுதான், இரண்டாவது விழவே இல்லை, பிரேக்கும் புகைந்து போய் வண்டி பாறையில் மோதியதும் மாமனார் அங்கேயே போய்விட்டார். கியர் விழுகலீங்க என்று அவன் ஆஸ்பத்திரியில் கதறியதை ஒருவரும் காதில் வாங்கவில்லை, டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டவன் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது, அவன் பெண்டாட்டி வசந்தாமணியும் அப்படித்தான் நம்பினாள், அப்பனைத் தின்றவன், அன்றைக்கு வாயை மூடியவள், சோறு போடுகிறாள், பேசுவதில்லை.

நொறுங்கிய வண்டியும் இங்கேதான் வந்தது, கழற்றிப் பார்த்தால் பேரிங் சூட்டில் நீலம் பாய்ந்து தண்டோடு தண்டாக இறுகிக் கிடக்கிறது, கிளட்சை மிதித்தாலும் தண்டு எஞ்சினோடு சுற்றிக்கொண்டே இருந்திருக்கும், கியர் எப்படி விழும், அதை வெட்டி எடுத்துக் காயலான் டிரம்மில் போட்டுவிட்டுக் கையைக் கழுவினார், நாளைக்குச் சொல்லலாம் என்றுதான் நினைத்தார், சத்தியமாக நாளைக்கு என்றுதான் நினைத்தார்.

புஷ்ஷே போட்டுடலாம்பா, என்கிறார். ஏனுங்கண்ணா, முன்ன அந்த வண்டிக்குப் பேரிங்தானுங்களே போட்டீங்க, என்கிறான் நாச்சிமுத்து, குத்திக் காட்டவில்லை, சும்மாதான் கேட்கிறான், எந்த முதலாளியும் வண்டி தராமல் கூலி வேலை பார்த்து, இப்போதுதான் ஒரு ஓட்டை லாரியைச் சொந்தமாக வாங்கி, நம்பி இவரிடமே கொண்டுவந்திருக்கிறான். அர்த்தநாரி ஊர்ந்து வெளியே வந்து தரையில் உட்காருகிறார், எதைப் போட்டாலும் ஒண்ணுதான் நாச்சிமுத்து, பேரிங் மேல தப்பில்ல, அன்னைக்குக் கியர்பாக்ஸைத் தொங்கவுட்டுட்டுப் போனது நானு, உள்ள நசுங்கிப்போச்சு, வண்டி திரும்பி வந்தப்பவே பாத்துட்டேன், சொல்லல.

அடிப்பான் என்று காத்திருக்கிறார், அடித்தால் தேவலை. அவன் டயரைவிட்டு இறங்கி எதிரே குந்திக் கேட்கிறான், அப்ப நான் நியூட்ரல்ல உடலீங்களா. இல்லப்பா, நீ கியரைப் போட்டிருக்கறே, அதுதான் விழுகல. எல்லாரும் சொல்லிச் சொல்லி நானும் உட்டுட்டேன்னுதானுங்க நெனச்சுட்டிருந்தேன், என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்துப் பெண்டாட்டியின் எண்ணை அழுத்துகிறான், கிரீஸ் கையென்றும் பாராமல் அவர் கையில் வைக்கிறான், நான் சொன்னா அவ நம்ப மாட்டா, நீங்களே சொல்லிப்போடுங்க. மணி அடிக்கிறது, எடுத்துவிட்டாள், பேச்சில்லை, மூச்சு மட்டும் கேட்கிறது. அம்மிணி, நான் மெக்கானிக் அர்த்தநாரி பேசறேன், உங்கப்பன் செத்தது உம்பட ஊட்டுக்காரனால இல்ல சாமி, என்னாலதான்.