மாலிப்டினம் அறுபத்தெட்டு

காலையிலிருந்து நாற்காலியில் இருப்புக்கொள்ளவில்லை. எழுந்து ஜன்னல் வரை போவேன், திரும்பி வருவேன், அதே தாளை எடுத்துப் பார்ப்பேன். மூட்டைப்பூச்சியா என்று எதிர் மேஜைக்காரர் விசாரித்தார். அவருக்கு யாரையாவது நக்கலடிக்காமல் பொழுது போகாது. நான் முறைத்த பிறகுதான் தன் வேலையைப் பார்க்கப் போனார்.

அந்தத் தாள், நேற்று நான் கையெழுத்துப் போட்டு அனுப்பிய ரிப்போர்ட்டின் நகல். லாரி, பஸ், ஜெனரேட்டர் என்று ஏதேதோ இன்ஜின்களிலிருந்து எடுத்த எண்ணெய் சின்ன பாட்டில்களில் எங்கள் லேபுக்கு வரும். அதில் எது எவ்வளவு இருக்கிறது என்று, பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்ற கணக்கில், மெஷின் எண்களாகத் துப்பும். அந்த எண்களுக்கு அர்த்தம் சொல்வது நான். இரும்பு ஏறியிருந்தால் இன்ஜின் தேய்கிறது என்று யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். எண்ணெய் தயாரிக்கும்போதே சேர்க்கிற சாமான்களைப் படிப்பதுதான் வித்தை. அழுக்கையும் அமிலத்தையும் சமாளிக்கக் கால்சியம் போடுவார்கள். உலோகம் உரசித் தேயாமலிருக்கத் துத்தநாகமும் பாஸ்பரசும். எதை எவ்வளவு போடுவது என்பது எண்ணெய்க்கு எண்ணெய் மாறும். அளவைப் பார்த்தே இது இன்ன எண்ணெய் என்று சொல்லிவிடுவேன்.

நேற்று ஒரு லாரி கம்பெனியின் பாட்டில். கால்சியம் மூவாயிரம் இருக்க வேண்டிய இடத்தில் ஆயிரத்து முந்நூறு. இருக்கவே கூடாத மெக்னீசியம் தொள்ளாயிரம். 'டிரம்மில் எழுதியிருக்கும் எண்ணெய் இது அல்ல' என்று எழுதி அனுப்பிவிட்டேன். அந்தக் கம்பெனியில் எண்ணெய் ஸ்டோர் சாவி என் மனைவியின் தம்பியிடம் இருந்தது.

வீட்டில் அவனுக்கு வாய்தா என்று பெயர். எதைக் கேட்டாலும் 'நாளைக்கு' என்பான். ஒருநாள் அவசரம் என்று என் ஸ்கூட்டரின் ஸ்டெப்னியை வாங்கிப் போனான், வருஷம் மூன்றாகிறது, இன்னும் நாளைக்குத்தான். ஆறு வருஷத்தில் நாலு வேலை மாறினான், நாலிலும் தப்பு முதலாளியுடையதாம். இப்போதுதான் ஒரு இடத்தில் ஒன்றரை வருஷம் நின்றிருக்கிறான், குழந்தையும் பிறந்திருக்கிறது. நல்ல எண்ணெயை வெளியே தள்ளிவிட்டு மட்டமானதை ஊற்றியிருக்கிறான் என்று நேற்று சாயங்காலமே சாவியைப் பிடுங்கிவிட்டார்கள். இன்று நாலு மணிக்கு விசாரணை. விசாரணை என்ன விசாரணை, வெளியே அனுப்பப் போகிறார்கள்.

சத்தியமாகச் சொல்கிறேன், கையெழுத்துப் போடும்போது எனக்குள் ஒரு பெருமை இருந்தது. சொந்தக்காரன் என்று பூசி மெழுகிவிட்டான் என்று நாளைக்கு ஒரு பயல் என்னைச் சொல்ல முடியாது பாருங்கள். விஷயம் தெரிந்ததிலிருந்து வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. காலையில் செருப்பு மாட்டும்போது மட்டும் மனைவி வாசலுக்கு வந்தாள்.

"அவன் சோம்பேறிதாங்க. திருடன் இல்ல."

அதைக் கேட்டதிலிருந்துதான் இந்த அவஸ்தை. பதினோராவது தடவையோ பன்னிரண்டாவது தடவையோ தாளை எடுத்தபோது கடைசி வரியில் கண் நின்றது. மாலிப்டினம் அறுபத்தெட்டு. நேற்று அதை நான் கண்டுகொள்ளவே இல்லை. உரசலைக் குறைக்கப் போடுகிற விலை உயர்ந்த சரக்கு அது. மட்டமான எண்ணெய் காய்ச்சுகிறவன் அதைப் போட்டு என்ன வாழப்போகிறான்? துத்தநாகமும் பெரிதாக இறங்கவில்லை.

தாளோடு மெஷின் அறைக்குப் போனேன். மெஷின் ஓட்டுகிற பெண் பாட்டில்களைக் குலுக்கிக்கொண்டிருந்தாள். டிரம்மில் எழுதியிருந்த அந்த எண்ணெயை வேறு யாராவது ஊற்றுகிறார்களா என்று கேட்டேன். ஒரு பஸ் கம்பெனியின் ஐந்து பஸ்களைத் திரையில் காட்டினாள். ஐந்திலும் கால்சியம் பாதி, மெக்னீசியம் தொள்ளாயிரத்தைச் சுற்றி, மாலிப்டினம் எழுபதை ஒட்டி. எல்லாமே எதிர் மேஜைக்காரர் கையெழுத்தில் 'சரி' என்று போயிருந்தது.

"எண்ணெய் கம்பெனிக்காரங்க சேர்மானத்தை மாத்தி நாலு மாசம் ஆச்சே சார். புது டிரம்ல இருந்து எண்ணெய் எடுத்து மெஷின்ல ஓட்டி, புது அளவை கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சே. நீங்க எதோட ஒப்பிட்டீங்க?"

எதோடு ஒப்பிட்டேன்? என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில், என் கையாலேயே எழுதிச் செருகிவைத்த பழைய அட்டவணையோடு. கம்ப்யூட்டரைத் திறந்து தேடுவதற்குள் நான் நாலு ரிப்போர்ட் முடித்துவிடுவேன் என்று இருபது வருஷமாக ஜம்பம் அடித்த ஆள் நான். காது இரண்டும் சூடாகிவிட்டது.

மணி மூன்றேகால். லாரி கம்பெனி மேனேஜருக்குப் போன் போட்டால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. திருத்திய ரிப்போர்ட்டை அச்சடிக்க உட்கார்ந்தால் பிரிண்டர் காகிதத்தை மென்று தின்றது. அதை ஒரு அறை அறைந்தேன். ஐந்து பஸ்களின் எண்களையும் சேர்த்து எடுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் ஸ்கூட்டரைக் கிளப்பினேன். வழியில் எல்லா சிக்னலும் எனக்கென்றே சிவப்பில் நின்றது. நாலு அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது உள்ளே நுழைந்தேன்.

மேனேஜர் அறைக்கு வெளியே பெஞ்சில் வாய்தா உட்கார்ந்திருந்தான், சவரம்கூடச் செய்யாமல். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். நான் அவன் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய், தப்பு என்னுடையது என்று முதல் வாக்கியத்திலேயே போட்டு உடைத்தேன். மேனேஜர் இரண்டு தாளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து வரிவரியாகக் கேட்டார். பஸ் கம்பெனிக்கே போன் போட்டு விசாரித்தார். கடைசியில் மேஜை டிராயரைத் திறந்து சாவிக்கொத்தை எடுத்து, அவனை உள்ளே கூப்பிட்டுக் கையில் கொடுத்தார். உங்கள் லேபை இனி யோசித்துத்தான் நம்ப வேண்டும் என்று எனக்கும் ஒன்று கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

கேட் வரைக்கும் அவன் கூடவே நடந்து வந்தான். அவன்தான் ஆரம்பித்தான்.

"எனக்கு முன்னாடி ஸ்டோர்ல இருந்தவர் சொல்லியிருக்கார் மாமா. அவர் காலத்துலயும் ஒருதடவை நம்பர் ஒத்துவரலியாம். நீங்க போன் பண்ணி, டிரம்ல இருந்து புது எண்ணெய் ஒரு பாட்டில் அனுப்புங்க, பார்த்துட்டு எழுதுறேன்னீங்களாம்."

"ஆமா. அப்படித்தான் செய்யணும்."

"எனக்கு ஏன் மாமா பண்ணல?"

அவன் சண்டைக்குக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். இவன் திருடியிருப்பான் என்று நான் நம்பினேன், அதனால் கேட்கத் தோன்றவில்லை. அதுதான் பதில், வேறு பதில் கிடையாது. வெட்கத்தில் கூனிக்குறுகி நின்றேன். என் முகத்தைப் பார்த்தே அவனுக்குப் புரிந்துவிட்டது.

"சரி விடுங்க. அக்காகிட்ட மெஷின்ல ஏதோ கோளாறுன்னு சொல்லிடுறேன். நீங்களும் அப்படியே சொல்லிடுங்க, இல்லாட்டி ரொம்ப வருத்தப்படும்."

சரி என்று தலையாட்டினேன்.