ஒற்றைச் செருப்பு

சீனி வியாதி கிளினிக்குக்கு முந்தின நாள் மட்டும் பவளக்கொடி பாகற்காயும் கீரையுமாகத் தின்பாள். மற்ற நாளெல்லாம் மூன்று வேளையும் கோதுமை மா ரொட்டி, சீனி அள்ளிப் போட்ட தேத்தண்ணி. இரத்தம் எடுக்கிற நர்ஸ் மிஸ்ஸை ஏமாற்றிவிட்டால் வியாதியும் ஏமாந்துவிடும் என்று நினைப்பு.

"சீனி கொறைஞ்சிருச்சாம், மிஸ்ஸே பாராட்டினாங்க!"

பதுளை பஸ்ஸை விட்டிறங்கி தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக்கு ஏறி வந்தவள், வந்ததும் ரொட்டியைப் பிய்த்தாள்.

புருஷன் அழகர் பார்த்தான். வாசலில் ஒரு செருப்புத்தான் கிடந்தது. மற்றது அவள் காலிலேயே இருந்தது. தரையெல்லாம் இரத்தம்.

குனிந்து காலைத் தூக்கினான். செருப்பைத் துளைத்த ஆணி பாதத்துக்குள் தலைவரை ஏறியிருந்தது.

"வலிக்கலையா புள்ள?"

"எதுங்க?" என்றாள், ரொட்டியை மென்றபடியே.