யாருடைய சுருதி

வீட்டிலிருந்த போர்வைகள் அத்தனையும் படுக்கையறைச் சுவரில் தொங்கின. ஜன்னலை ஒரு மெத்தை அடைத்துக்கொண்டு நின்றது. கதவில் 'பதிவு நடக்கிறது, தட்டாதே' என்று காகிதம் வேறு. வீட்டில் இருப்பதே புருஷனும் பெண்டாட்டியும்தான். அப்படியென்றால் அந்தக் காகிதம் யாருக்கு? அவளுக்குத்தான். படித்த அன்றே கேட்டுவிட்டாள்.

"என்ன பதிவு?" என்று கேட்டதற்கு, "வருஷக் கடைசி விடுமுறைக்குப் பாட்டு. சின்னப் பசங்ககூடப் பாடுற சாதாரண மெட்டுதான்" என்றார் கிட்டாரைத் துடைத்தபடி.

"யாருக்கு?"

"ஒருத்தருக்குப் பரிசு."

சாதாரண மெட்டாம்! மேடையில் ஒரு நிமிஷம் கிடைத்தால் விரலை ஓடவிட்டு வித்தை காட்டாமல் இறங்காத மனுஷன் அவர். அந்த மனுஷன் இப்போது, நடைபழகும் குழந்தையைக் கைபிடித்துக் கூட்டிப்போவதுபோல ஒவ்வொரு மெட்டையும் மெல்ல மெல்ல வாசித்துக்கொண்டிருந்தார்.

அக்காவிடம் போனில் சொன்னாள். எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்ற அக்காவைவிட்டால் ஆள் கிடையாது. "நெருப்பில்லாம புகையுமாடி? அவர் குழுவுல புதுசா ஒருத்தி பாட வந்திருக்கான்னு நீதான சொன்ன?"

வந்திருக்கிறாள். சாப்பிடும்போது ஒருநாள் அவரே சொன்னார்: "அந்தப் பொண்ணுக்குக் கீழ்க்குரல். கேக்க இதமா இருக்கு." அந்த 'இதமா' அவளுக்குள் இன்னும் உறுத்திக்கொண்டே இருந்தது. ஏனென்றால் அந்தக் குழுவில் அதே மைக் முன்னால் முன்பு நின்றவள் அவள். தொண்டையில் ஆபரேஷன் ஆனபிறகு பாடும் குரல் போய்விட்டது. வருஷக் கடைசி விடுமுறைக்கு இரண்டு குடும்பமும் இங்கேதான் கூடும். அவள் பாடாமல் யாரும் படுக்கப் போனதில்லை. இப்போதெல்லாம் அந்த நேரம் பார்த்து அவளுக்கு அடுப்படியில் வேலை வந்துவிடும். "தொண்டை போச்சு" என்பாள். யாரும் அதற்குமேல் கேட்பதில்லை. அவரும் கேட்கவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் கிட்டாருக்குத் தந்தி வாங்கக் கடைக்குப் போனார். அவள் காகிதத்தைத் தாண்டி உள்ளே போய் ஹெட்போனை மாட்டிப் பதிவை ஓடவிட்டாள். கிட்டார் மெட்டைத் தொட்டுக் காட்டியது. பிறகு அடங்கி, யாரோ வருவதற்குக் கதவைத் திறந்து வைத்திருப்பதுபோலச் சும்மா தட்டிக்கொண்டிருந்தது. ஒரு வரி நீளம். மறுபடி மெட்டு, மறுபடி இடம். ஒருத்தி பாடுவதற்கு விட்ட இடம் அது. அவளுடைய சுருதி ஐந்தரைக் கட்டை. தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். இது அதைவிட எவ்வளவோ கீழே, மூன்றுகூட இருக்காது.

கையும் களவுமாகப் பிடித்தாயிற்று. பிடித்தவளுக்கு அழுகைதான் வந்தது.

தந்திப் பொட்டலத்தோடு அவர் வாசலில் நின்றார்.

"அவளுக்குத்தானே?"

"எவளுக்கு?"

"நடிக்காதீங்க. அந்தக் கீழ்க்குரல்காரிக்கு. எனக்குத் தொண்டையிலதான் ஆபரேஷன், காதுல இல்ல."

அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "அந்தப் பொண்ணு இதுக்கு மேல பாடும். இந்தச் சுருதியில பாடுறவ எனக்குத் தெரிஞ்சு ஒருத்திதான். குளிக்கும்போது பாடுவா."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. குழாயை முழுசாகத் திறந்துவிட்டுத்தான் முனகுவாள். பல் விழுந்த இடத்தை நாக்கு தேடுவதுபோல, குரல் எதுவரை போகிறது, எங்கே முறிகிறது என்று தடவிப் பார்ப்பாள். தண்ணீர் சத்தத்தில் ஈ காக்கைக்குக்கூடக் கேட்காது என்று நம்பியிருந்தாள்.

"ஒட்டுக்கேட்டீங்களா?"

"தினமும்" என்றார், கொஞ்சமும் வெட்கமில்லாமல்.

"பாவம்னு நெனச்சுப் பண்றீங்க."

"பாவம்னா பூ வாங்கித் தந்துட்டுப் போயிருப்பேன். எனக்குப் பாட ஆள் வேணும்டி. போன விடுமுறைக்கு நீ அடுப்படியில போய் நின்னுக்கிட்ட. நான் கூடத்துல கிட்டாரை வெச்சுக்கிட்டு யாருக்கு வாசிக்கிறது?"

நம்பலாமா? ஆம்பிளை பேச்சு தண்ணீரில் எழுதின எழுத்து என்பாள் அக்கா. பேச்சு எப்படியோ, சுருதி பொய் சொல்லாது. பாடிப் பார்த்தால் தெரிந்துவிடும். அவள் குரலுக்கு அது சரியாக உட்கார்ந்தால் அவர் சொல்வது நிஜம். உட்காராவிட்டால்? இரண்டில் எதற்கு அதிகம் பயப்படுகிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"என் போன்ல ஏத்திக் குடுங்க" என்றாள்.

வாங்கிக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழிட்டாள். ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டாள். கை தானாகக் குழாய்க்குப் போனது. கதவுக்கு வெளியே காலடிச் சத்தம் வந்து நின்றது. கிட்டார் மெட்டைச் சொல்லி முடித்து, அவளுக்காக ஒதுங்கியது. குழாயின் மேலிருந்த கையை அவள் எடுக்கவில்லை, திருகவும் இல்லை. மூச்சை மட்டும் இழுத்தாள்.